‘வாய்ட்’ என்றால் வெற்றிடமாம்!



நீளமான பதிவு இது. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களை வகுப்பிலேயே நான் ஒன்றும் சொன்னதில்லை, ஓய்வு பெற்ற பிறகா சொல்லப் போகிறேன்?

நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களாக ‘தினம் ஒரு ஆங்கிலச் சொல்’ என்று ஒரு படம் வருகிறது. ஓரத்தில் ரோஜாப்பூ, பின்னால் சூரிய உதயம், நடுவில் ஓர் ஆங்கிலச் சொல், பக்கத்தில் சமக்குறி, அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல். போன செவ்வாய்க்கிழமை வந்தது ‘வாய்ட் = வெற்றிடம்’. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், கும்பிடுகள், ‘அருமை’, ‘பயனுள்ள தகவல்’. இது போதாது, பல இடங்களில் தப்பும்கூட என்று நான் எழுதினேன். ‘ஒரு வார்த்தைக்கு இவ்வளவு யோசிக்கணுமா சார்? மீனிங் தெரிஞ்சா போதாதா?’ என்று பதில் வந்தது.

எழுதியவன் நல்ல பிள்ளை. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்தச் சமக்குறி மேல்தான்.

கணக்கில் இரண்டும் மூன்றும் ஐந்துக்குச் சமம். எந்த ஊரில் போட்டாலும், யார் போட்டாலும் சமம். ஒரு மொழியின் சொல்லுக்கும் இன்னொரு மொழியின் சொல்லுக்கும் நடுவில் அதே குறியைப் போட யார் சொல்லிக்கொடுத்தது? கைடு போடுகிறவர்கள் போட்டார்கள். ‘30 நாளில் ஆங்கிலம்’ விற்கிறவர்கள் போட்டார்கள். மார்க் வாங்கினால் போதும் என்று நாமும் ஒத்துக்கொண்டோம். பிள்ளைக்கு இரண்டு மார்க் வாங்கித் தருகிற அந்தக் குறி, அதே பிள்ளை வளர்ந்த பிறகு தூக்கத்தையும், நிலத்தையும், சில பேருக்கு வாழ்க்கையையும் பறித்துக்கொள்கிறது. வாத்தியார் மிகையாகப் பேசுகிறார் என்று நினைக்கிறவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

நான் ஆங்கிலப் பண்டிதன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் உத்தியோக காலம் முழுவதையும் கழித்த இடைநிலை ஆசிரியன். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், கரும்பலகையில் தனிச்சொல்லை எழுதி எதிரே அர்த்தம் எழுத மாட்டேன். முழு வாக்கியம் எழுதி, சொல்லுக்கு அடியில் கோடு போடுவேன். ‘சார், மீனிங் எழுதிப் போடுங்க சார்’ என்று கடைசி பெஞ்சிலிருந்து நச்சரித்த கூட்டம்தான் இன்று எனக்கே ரோஜாப்பூ படம் அனுப்புகிறது.

ஆங்கிலத்தை விடுங்கள், முதலில் நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஜப்பான்காரர் நம் ஊருக்கு வருகிறார். ‘காலி என்றால் உள்ளே ஒன்றும் இல்லை’ என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார். டம்ளர் காலி என்றால் அவருக்குப் புரியும். ‘வீட்டைக் காலி பண்ணு’ என்றால் ஓரளவு யூகிப்பார். ‘ஆள் காலி’ என்றால் என்ன செய்வார்? ‘காலிப்பயல்’ என்று ஒருவனைத் திட்டினால், உள்ளே ஒன்றும் இல்லாத பையன் என்றா எடுத்துக்கொள்வது? காலிமனையில் சீமைக்கருவேலம் இருக்கும், கல் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கொட்டிய குப்பை இருக்கும், வீடு மட்டும் இருக்காது. காலிப் பணியிடம் என்றால் அந்த வேலையை வேறு ஒருவர் தன் வேலையோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அர்த்தம். அதை என்னைக் கேளுங்கள், ஐந்தையும் ஆறையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தியவன் நான். இலங்கைக்குப் போனால் காலி என்பது ஓர் ஊர். அங்கே டெஸ்ட் மேட்ச் நடக்கும்.

காலி என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை இருக்கிறது. வெளியூர்க்காரன் ஒற்றை அர்த்தத்தோடு வந்து நின்றால் நமக்குச் சிரிப்பு வருகிறது. நாம் அதே மாதிரி இன்னொரு மொழிக்குள் போய் நிற்கும்போது மட்டும் அது படிப்பாகிவிடுகிறதா?

இப்போது ‘வாய்ட்’டுக்கு வருகிறேன்.

என் மைத்துனருக்கு வயது 67. சிறுநீர் போவதில் சிரமம் என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட்டில் ‘ப்ரீ வாய்ட்’ என்று ஓர் அளவு, ‘போஸ்ட் வாய்ட்’ என்று ஓர் அளவு. டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் இருந்தது. வீட்டில் போனைத் தட்டிப் பார்த்தார்கள், வெற்றிடம் என்று வந்தது. அடிவயிற்றுக்குள் ஏதோ வெற்றிடம் விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. மைத்துனர் எந்த வீடு யாருக்கு என்று பேசத் தொடங்கிவிட்டார்.

மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்குச் சிறுநீர் கழிப்பது என்று அர்த்தம். அவ்வளவுதான். கழிப்பதற்கு முன் பையில் எத்தனை மில்லி இருந்தது, கழித்த பிறகு எத்தனை மில்லி மிச்சம் நின்றது என்று பார்க்கிறார்கள். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கினால் பை முழுக்கக் காலியாகாது, கொஞ்சம் தங்கிவிடும். அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த அளவு. மிச்சம் 50 மில்லிக்குள் இருந்தால் பொதுவாக டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேடிக்கையைப் பாருங்கள், ரிப்போர்ட் சொன்னது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை. வீட்டார் படித்தது உள்ளே ஒன்றும் இல்லை என்று. சமக்குறி செய்த வேலை இது. அறுபதைத் தாண்டிய நம் சொந்தங்கள் எல்லோருக்கும் இந்த ரிப்போர்ட் ஒருநாள் கைக்கு வரும், அதனால்தான் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

அந்தச் சொல் பெயராக மட்டும் இருப்பதில்லை, வினையாகவும் வரும். ‘காலி செய்’, ‘வெளியேற்று’. இது இன்று நேற்று வந்ததல்ல, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த காலத்திலிருந்தே உண்டு. நீங்கள் தினமும் பத்து தடவை சொல்கிற ‘அவாய்ட்’ இதன் கூடப்பிறந்தது. அதற்கும் முதல் அர்த்தம் காலி செய்வதுதான். பிறகு ஓர் இடத்தைக் காலி செய்துவிட்டு விலகுவது என்றாகி, கடைசியில் ‘அவரை அவாய்ட் பண்ணிட்டேன்’ வரைக்கும் வந்து நிற்கிறது. வக்கீல்கள் மட்டும் பழசை விடவில்லை. ஒப்பந்தத்தை ‘அவாய்ட்’ செய்வது என்று அவர்கள் எழுதினால், அதைக் கண்டு ஒதுங்கிப் போவது என்று அர்த்தமில்லை. அதைச் செல்லாததாக்குவது என்று அர்த்தம்.

‘செல்லாது’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தில் ‘வாய்ட்’ என்றால் செல்லாது. செல்லாத ஓட்டு, செல்லாக்காசு என்கிறோமே, அந்தச் செல்லாது. வெற்றிடம் என்று அங்கே எழுதினால் அபத்தம். செல்லாக்காசு கையில்தான் இருக்கும், உருண்டையாக, பளபளப்பாக இருக்கும். கடைக்காரர் வாங்க மாட்டார், அவ்வளவே.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் உட்கார்ந்திருக்கிறது, ‘வாய்டபிள்’. வாலில் கொஞ்சம் நீளம், வேறொன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் தொடக்கத்திலேயே இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலாவது, சட்டத்தின் கண்ணில் செல்லாதது. யாரும் போய்ச் செல்லாததாக்க வேண்டியதில்லை. மைனர் பையனிடம் கையெழுத்து வாங்கிய கடன் பத்திரம் அப்படி. 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொன்ன விஷயம் அது. இரண்டாவது, செல்லாததாக்க முடிந்தது. யார் செல்லாததாக்குவது? பாதிக்கப்பட்டவர். அதுவரை? அது செல்லும். மிரட்டி வாங்கிய கையெழுத்து, ஏமாற்றி வாங்கிய கையெழுத்து எல்லாம் இந்த இரண்டாவது வகை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது செல்லிக்கொண்டே இருக்கும்.

இந்த வித்தியாசம் ஏட்டுச்சுரைக்காய் இல்லை. நம் சொந்தத்துக்குள்ளேயே ஒரு பையன் இருக்கிறான், பேர் வேண்டாம். அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது, அவன் பெயரில் இருந்த நிலத்தை வீட்டுப் பெரியவர் கார்டியன் என்ற முறையில் கோர்ட் அனுமதி வாங்காமல் விற்றுவிட்டார். போன பொங்கலுக்கு வந்தபோது அவன் சொல்கிறான், ‘அது வாய்ட் தாத்தா, கோர்ட்ல நிக்காது, நிதானமா பாத்துக்கலாம்.’ நிதானமாகவாம்! 1956-ஆம் வருடத்து இந்து மைனர் கார்டியன் சட்டம் அப்படிப்பட்ட விற்பனையை ‘வாய்டபிள்’ என்கிறது. 18 முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் அவன் அதை மறுத்தாக வேண்டும், காலவரையறைச் சட்டம் அவ்வளவுதான் அவகாசம் தருகிறது. 21 தாண்டிவிட்டால் நிலம் போனது போனதுதான். அவனுக்கு 20 நடக்கிறது. பத்திர நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வக்கீலைப் பார் என்று அவனிடம் நேரிலும் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். இதே நிலையில் வேறு யாராவது இருந்தால் நீங்களும் போங்கள். முடிவாகச் சொல்ல வேண்டியவர் வக்கீல், நான் இல்லை. ஆனால் வக்கீலிடம் போகவே விடாமல் தடுப்பது அந்த ஒற்றை அர்த்தம்.

இதைவிடவும் என்னை வதைக்கிற ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பு வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரியும், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது பெண் பிள்ளைகள் வரிசையில் ஒரு சில இடங்கள் இல்லாமல் போயிருக்கும். எங்கே என்று கேட்டால் தோழிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கட்டிக்கொடுத்திருப்பார்கள். ‘18 ஆகாம நடந்த கல்யாணம் சட்டப்படி வாய்ட்தானே சார்’ என்று நன்றாகப் படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தானாகவே இல்லாமல் போய்விடுமாம்! 2006-ஆம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடத்திக்கொண்டு போனது, பலவந்தம், விற்பனை போன்ற சிலவற்றைத்தான் அடியோடு செல்லாது என்கிறது. மற்றதெல்லாம் ‘வாய்டபிள்’. அந்தப் பெண் தானே போய்க் கேட்க வேண்டும். 18 முடிந்து இரண்டு வருடம் நிறைவதற்குள், அதாவது 20 ஆவதற்குள் கேட்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு இதை யார் சொல்வார்கள்? நாம்தான் சொல்ல வேண்டும். நாமோ வெற்றிடம் என்று படம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அடியோடு செல்லாத திருமணம் என்றால்? முதல் மனைவி இருக்க, விவாகரத்து ஆகாமல், ஒருவர் இரண்டாவது கட்டிக்கொள்கிறார். 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டப்படி அது ‘வாய்ட்’. சந்தேகமே இல்லை. உடனே ஊரில் நாலு பேர் அந்த வீட்டுப் பிள்ளைகளையும் அதே சொல்லால் அடிப்பார்கள். கல்யாணமே இல்லை, அப்புறம் பிள்ளை ஏது, பங்கு ஏது என்பார்கள். அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அந்தப் பிள்ளைகள் சட்டபூர்வமான பிள்ளைகள்தான் என்கிறது. பெற்றவர்களின் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்குச் சேரும் பங்கிலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. திருமணம் செல்லாது, பிள்ளை செல்லும். வாய்ட் சமம் வெற்றிடம் என்று படித்தவனுக்கு இந்த வாக்கியம் புரியவே புரியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து, அப்பா பெயர் எழுதும் கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் பெரிதாக ஒன்று. நம் அரசியல் சாசனத்தின் 13-ஆவது பிரிவு, அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் ‘எந்த அளவுக்கு’ முரணோ ‘அந்த அளவுக்கு’ வாய்ட் என்கிறது. அளவு போட்டுச் செல்லாததாக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். வெற்றிடத்துக்கு ஏது அளவு? 1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை, செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லைக் கொண்டுதான் அடித்தது. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் போராடினார், அதே வருடம் சாசனத்துக்கு முதல் திருத்தம் வந்தது, கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. நம் பள்ளியில் படித்து டாக்டராகவும் இன்ஜினியராகவும் ஆன எத்தனை பேர் அந்தத் திருத்தத்தின் வழியாக உள்ளே போனீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ‘வாய்ட்’ என்று ஒரு கோர்ட் சொன்னதற்கு நாடு சொன்ன பதிலில் படித்தவர்கள் நீங்கள்.

சட்டத்தை இத்தோடு விடுகிறேன். எனக்கே மூச்சு வாங்குகிறது.

சிவில் படித்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். காங்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் சரியாக ஓட்டாவிட்டால் உள்ளே காற்று தங்கிச் சிறுசிறு பொள்ளல்கள் நின்றுவிடும். அதுவும் ‘வாய்ட்’தான். நூற்றுக்கு ஐந்து பங்கு இப்படி நின்றால் வலிமை 30 சதவீதம் வரை குறையலாம். அதனால்தான் கான்ட்ராக்டரிடம் சண்டை போடுகிறோம். ஆனால் அதே படிப்பில் மண்ணுக்கு வந்தால், மணலுக்கு மணல் நடுவே இருக்கிற அந்த இடைவெளிதான் நம்மை வாழ வைக்கிறது. ஆற்றுமணலின் வாய்ட்டுக்குள்தான் தண்ணீர் நிற்கும், அங்கிருந்துதான் கிணற்றுக்கு ஊறும். ஆற்றில் மணலை அள்ளியவர்கள் மணலை மட்டுமா அள்ளினார்கள்? (இதை எழுதினால் தனிப் பதிவாகும், வேண்டாம்.)

கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு ‘வாய்ட் மெயின்’ தெரியும். பரீட்சைக்கு எழுதிய முதல் வரியே அதுவாக இருக்கும். அங்கே அதற்கு ஒன்றும் செய்யாது என்று பொருளில்லை. சொன்ன வேலையை எல்லாம் செய்யும், முடித்துவிட்டுக் கையில் எந்த மதிப்பையும் திருப்பித் தராது. வாத்தியார் வேலை மாதிரி என்று என் மாணவன் ஒருவன் கிண்டலடித்தான். ஓய்வூதியம் வருகிறதடா என்றேன்.

சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கு ‘வாய்ட் டெக்’ தெரியாமல் இருக்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் தரைத்தளத்தை வீடு கட்டாமல் திறந்தவெளியாக விட்டிருப்பார்கள். அங்கேதான் மலாய்க்காரர்களின் கல்யாண விருந்து நடக்கும், அங்கேதான் சீனர்களின் சாவு வீடு, அங்கேதான் கிழவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள், குழந்தைகள் பள்ளி வேனுக்கு நிற்கும். அந்தக் கட்டடத்திலேயே ஆள் நடமாட்டம் அதிகமான இடத்துக்குப் பெயர் ‘வாய்ட்’. நம் ஊர்த் திண்ணையை வெற்றிடம் என்று சொன்னால் பாட்டி விளக்குமாற்றை எடுப்பாள்.

கனடாவில் என் தங்கை மகன் வேலையில் சேர்ந்த அன்று ‘வாய்ட் செக்’ கொடு என்று கேட்டார்களாம். எதுவும் எழுதாத வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதே என்று அவன் அம்மா இங்கிருந்து பதறினாள். அவள் பயம் நியாயம், வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது ஆபத்துதான். ஆனால் அவர்கள் கேட்டது அதுவல்ல. குறுக்கே அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதிவிட்டால் அதை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது, கணக்கு எண்ணை மட்டும் பார்த்துச் சம்பளம் போடுவார்கள். இங்கே நாம் ‘கேன்சல்டு செக்’ என்று கொடுக்கிறோமே, அதுதான். அதேபோல் போனுக்குள் ஒட்டியிருக்கிற துணுக்கு ஸ்டிக்கரில் இந்தச் சொல் இருந்தால், பிரித்தவுடன் வாரண்டி செல்லாது என்று எச்சரிக்கை. தெருமுனைக் கடையில் கொடுத்துப் பிரித்துவிட்டு, அப்புறம் கம்பெனி சர்வீஸுக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண் ‘வாய்ட் பண்ணணும், மேனேஜர் வரணும்’ என்றால், தப்பாக அடித்த வரியை நீக்க வேண்டும் என்கிறாள். பொறுமையாக நில்லுங்கள்.

வானத்தில்கூட இந்தச் சொல் முழு உண்மை பேசுவதில்லை. 1981-இல் பூட்டீஸ் என்ற நட்சத்திர மண்டலத்தின் திசையில் ஒரு பிரம்மாண்டமான ‘வாய்ட்’ இருப்பதை வானியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 33 கோடி ஒளியாண்டு. தேடத் தேட அதற்குள்ளும் சுமார் அறுபது கேலக்ஸிகள் கிடைத்தன. அந்த அகலத்துக்கு அறுபது என்பது சொற்பம், அதனால் அந்தப் பெயர்.

இனி எனக்கு வரப்போகிற பதில்களைப் பார்க்கலாம்.

‘தமிழ்ல இதுக்கெல்லாம் வார்த்தை இல்ல சார், அதான் ஒண்ணையே போடுறோம்.’ இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. எந்த ஊரில் பிறந்தீர்கள்? நெல்லுக்குள் ஒன்றும் இல்லாவிட்டால் பதர் என்கிறோம். கடலைக்குள் இல்லாவிட்டால் பொக்கு. மரத்துக்குள் பொந்து. வீடு ஆளில்லாமல் கிடந்தால் பாழ். நிலம் பயிரில்லாமல் கிடந்தால் தரிசு. ஒன்றும் கொண்டுவராமல் வந்தால் வெறுங்கை. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் வெறும் வயிறு. பொறுப்பில்லாமல் பேசினால் வெட்டிப்பேச்சு. காசு என்றால் செல்லாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இன்மையைச் சொல்லத் தனிச் சொல் வைத்திருந்த ஜனங்கள் நாம். எந்தப் பாட்டியாவது ‘நெல்லுக்குள் வெற்றிடமாக இருக்கிறது’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வெற்றிடம் நல்ல சொல்தான். அறிவியல் பாடத்தில், காற்றும் இல்லாத இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும் என்று நானே நடத்தியிருக்கிறேன். அரசியல் மேடையிலும் சில வருடமாக ரொம்பவே அடிபட்டது. அதற்காக ஆஸ்பத்திரிக்கும், கோர்ட்டுக்கும், காங்கிரீட்டுக்கும் அதையே தூக்கிக்கொண்டு ஓடுவதா? தமிழ் ஏழை இல்லை. நாம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லா விசேஷத்துக்கும் போகிறோம்.

‘போன்ல போட்டா வந்துடும் சார்.’ வரும். தனிச்சொல்லைப் போட்டால் தனிச்சொல்தான் வரும். மைத்துனர் வீட்டிலும் போனில்தான் போட்டார்கள். முழு வாக்கியத்தையும் போட்டு, இது ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்தது என்று சேர்த்துப் போடுங்கள், அதே போன் ஒழுங்காகச் சொல்லும். மனுஷனிடம் கேட்டாலும் இதே விதிதான்.

‘சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?’ இவ்வளவும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோர்ட் எதற்கு? ஒரு வாக்கியத்தோடு ஓர் அர்த்தம் கொடுங்கள், போதும். ஆனால் சமக்குறி போடாதீர்கள். ‘இந்த வாக்கியத்தில் இப்படி’ என்று சொல்லுங்கள். எங்கே எது இல்லை, யார் அதை இல்லாமல் ஆக்கினார்கள் என்று பிள்ளையைக் கேட்கவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை எவ்வளவு அழகாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். பிடித்துக்கொள்ள மறுப்பது பெற்றோர்தான். நோட்டில் மீனிங் எழுதவில்லை, வாத்தியார் பாடமே நடத்தவில்லை என்று தலைமையாசிரியரிடம் புகார் கொடுத்த பெற்றோர்கள் உண்டு. இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பவர்களில் இரண்டு பேருக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

குழுவை நடத்துகிற தம்பிக்கு ஒரு வேண்டுகோள். படத்தை நிறுத்த வேண்டாம், ரோஜாப்பூவும் இருக்கட்டும். தனிச்சொல்லுக்குப் பதில் ஒரு வாக்கியம் போடு. தினமும் முடியாவிட்டால் வாரத்துக்கு ஒன்று போதும். வாக்கியம் கிடைக்காவிட்டால் எனக்கு போன் பண்ணு, காலையில் ஆறு மணிக்கு மேல் எப்போதும் எடுப்பேன்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், பேங்கில் இருப்பவர்கள், சைட்டில் நிற்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், உங்கள் வேலையில் இந்தச் சொல் எங்கே வருகிறது என்று கீழே எழுதுங்கள். நான் விட்டது நிறைய இருக்கும். முழு வாக்கியமாக எழுத வேண்டும். சமக்குறி போட்டு எழுதுகிறவர்களின் கருத்தை அழித்துவிடுவேன், அது செல்லாது.